என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வு: ஒரு நோயாளியை வைத்து ஆறு படி யோசிக்கப் பழகுவது எப்படி?

பொட்டாசியத்தின் இயல்பான அளவு என்ன என்று கேட்டால், 3.5 முதல் 5.0 வரை என்று நர்சிங் படித்த யாரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் உரிமத்துக்காக எழுதும் என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வில் கேள்வி இவ்வளவு நேராக வருவது குறைவு. "காலை 9 மணிக்கு டிஜாக்சின் மாத்திரை கொடுக்க வேண்டும். இன்றைய பொட்டாசியம் 3.2. இரண்டு நாளாகச் சாப்பாடே பிடிக்கவில்லை என்கிறார் நோயாளி. என்ன செய்வீர்கள்?" என்கிற மாதிரிதான் வரும்.

இதற்கு எண் மட்டும் தெரிந்தால் போதாது. பொட்டாசியம் குறைந்தால் இதய மருந்தான டிஜாக்சின் உடலில் நஞ்சாக மாறும் அபாயம் கூடும். பசியின்மை அந்த நஞ்சின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். ஆகவே மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணி, உடனே தகவல் சொல்ல வேண்டும். தனித்தனியாகத் தெரிந்த மூன்று விஷயங்களை ஒரு நோயாளியின் மேல் வைத்து ஒன்றாகக் கோத்துப் பார்க்கிறோம். இதைத்தான் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்கிறார்கள். நோயாளியைப் பார்த்து, யோசித்து, முடிவெடுக்கும் திறன்.

பாடத்தைப் பலமுறை படித்தும் தேர்வில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களிடம் அறிவு இருக்கிறது, அதை நோயாளியிடம் கொண்டுபோகும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே ஒரு நோயாளியை முழுதாக எடுத்துக்கொண்டு பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் தேர்வைப் பற்றித் தேவையான அளவுக்குக் கொஞ்சம்.

யாருக்கான தேர்வு இது

அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்தில் இரண்டு நிலைகள் முக்கியமானவை. ஆர்என் என்பது ரிஜிஸ்டர்டு நர்ஸ். எல்பிஎன் என்பது லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் அதே உரிமத்தை எல்விஎன் என்பார்கள். எல்பிஎன் படிப்பு பொதுவாக ஓராண்டு அளவில் முடிந்துவிடும். முதியோர் பராமரிப்பு இல்லங்கள், மறுவாழ்வு மையங்கள், கிளினிக்குகள், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவைகள் என்று இவர்கள் வேலை செய்யும் இடங்கள் பல.

தமிழ்நாட்டில் ஜிஎன்எம் அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைப்பவர்கள் பொதுவாக எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்என். இரண்டையும் நடத்துவது என்சிஎஸ்பிஎன் (மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில்) என்ற ஒரே அமைப்புதான். இரண்டிலும் யோசிக்கும் முறையும் ஒன்றுதான். ஆகவே ஆர்என் எழுதுபவர்களுக்கும் இந்தக் கட்டுரை பெரும்பாலும் பயன்படும், அதிகார எல்லை பற்றிய பகுதி மட்டும் அவர்களுக்கு மாறும். கனடாவில் ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா இரண்டு மாகாணங்களிலும் 2022 ஜனவரி முதல் ரெக்ஸ்-பிஎன் என்ற தனித் தேர்வு நடக்கிறது. டொராண்டோ பக்கம் ஆர்பிஎன், அதாவது ரிஜிஸ்டர்டு பிராக்டிகல் நர்ஸ் ஆக விரும்பும் நம்மவர்கள் எழுதுவது அதைத்தான். அதையும் என்சிஎஸ்பிஎன் தான் தயாரிக்கிறது, ஆனால் அதன் அமைப்பு வேறு. இங்கே வரும் எண்களை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

2023 ஏப்ரல் 1 முதல் என்கிளெக்ஸ் புதிய வடிவத்துக்கு மாறியது. அந்த வடிவத்தில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. நேரம் இடைவேளையும் சேர்த்து 5 மணி. குறைந்தபட்சமான 85இல் 15 கேள்விகள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை, அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. எவை அந்த 15 என்று உங்களுக்குத் தெரியாது. மீதி 70இல் 18 கேள்விகள் மூன்று நோயாளிக் கதைகளிலிருந்து வருபவை, கதைக்கு ஆறு வீதம்.

கேள்விகளைக் கணினிதான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்ததும் கணினி நின்றுவிடும். அதனால் 85இல் நின்றால் பாஸ் என்றோ, 150 வரை போனால் ஃபெயில் என்றோ சொல்ல முடியாது. இந்த வதந்தி பலருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். இன்னொன்று, ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது.

தேர்வுத் திட்டத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். என்சிஎஸ்பிஎன் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். வேறு எதை வாங்குவதற்கு முன்னாலும் உங்கள் தேர்வு நாளுக்குப் பொருந்தும் பதிப்பைப் பதிவிறக்கிப் படித்துவிடுங்கள்.

ஆறு படிகள் எங்கிருந்து வந்தன

அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் "இவருக்கு ஏதோ சரியில்லை" என்கிறார். அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை நர்சிங் ஆய்வாளர்கள் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டின் டானர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006இல் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்: கவனிப்பது, பொருள் புரிந்துகொள்வது, செயல்படுவது, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. என்சிஎஸ்பிஎன் தேர்வில் அளப்பதற்கு ஏற்றபடி ஆறு படிகளாக ஒரு மாதிரியை உருவாக்கியது.

எளிமையாகச் சொன்னால் இப்படி: முக்கியமான அடையாளங்களைக் கண்டுகொள்வது, அவற்றைச் சேர்த்துப் பார்த்து என்னவாக இருக்கும் என்று ஆராய்வது, எது மிக அவசரம் என்று முன்னிறுத்துவது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, செய்தது பலன் தந்ததா என்று பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக் கதையிலும் வரும் ஆறு கேள்விகள் இந்த ஆறு படிகளையும் இதே வரிசையில் கேட்கும். முதல் கேள்வி எப்போதும் "எதைக் கவனித்தீர்கள்", கடைசிக் கேள்வி எப்போதும் "பலன் கிடைத்ததா". இது தெரிந்திருந்தால் ஒவ்வொரு கேள்வியிலும் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்

பயிற்சிக்காக நானே எழுதிய கதை இது. 78 வயதுப் பெண்மணி. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நாள்பட்ட இதயச் செயலிழப்பு உண்டு. உடலில் தேங்கும் நீரை இறக்க ஃபுரோசிமைடு, அதாவது லேசிக்ஸ், 40 மில்லிகிராம் மாத்திரை தினமும் ஒன்று. நீங்கள் அந்த ஷிப்டின் எல்பிஎன். திரையின் இடது பக்கம் நர்ஸ் குறிப்பு இருக்கிறது:

"நேற்றிரவு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை. வலது முழங்காலில் பழைய வலி, 10க்கு 3. சாப்பாடு பாதிதான் சாப்பிட்டார், வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது என்கிறார். வார இறுதியில் மகன் டின் சூப் வாங்கிவந்து கொடுத்தார். இரண்டு கணுக்காலிலும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் கிராக்கிள்ஸ் (மூச்சிழுக்கும்போது எழும் சடசடப்பு ஒலி) கேட்கிறது. எடை மூன்று நாளுக்கு முன்பு 138 பவுண்டு, இன்று 143. வெப்பநிலை 98.4. நாடி 104. சுவாசம் நிமிடத்துக்கு 26. பிபி 148/88. ஆக்ஸிஜன் 90 சதவீதம். சர்க்கரை 138."

முதல் படி, கண்டுகொள்வது. உடனே கவனிக்க வேண்டியவை எவை? எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதையுமே கவனிக்கவில்லை என்றுதான் பொருள். படுத்தால் மூச்சு முட்டுவது, கிராக்கிள்ஸ், ஆக்ஸிஜன் 90, சுவாசம் 26, நாடி 104, வீக்கம், எடை. இவை கண்ணில் பட வேண்டும். மலச்சிக்கலும் முழங்கால் வலியும் உண்மையான தொல்லைகள்தான், ஆனால் இந்த நிமிடத்துக்கு உரியவை இல்லை.

இங்கே இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று எடை. "143 பவுண்டு" என்ற எண்ணில் ஒன்றுமே இல்லை. மூன்று நாளில் 5 பவுண்டு கூடியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஒரே நாளில் 2, 3 பவுண்டோ ஒரு வாரத்தில் 5 பவுண்டோ கூடினால் தெரிவிக்க வேண்டும் என்று நோயாளிகளுக்கே சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உள்ளே தங்கியிருக்கிறது. ஆகவே இவர் உடலில் இரண்டு லிட்டருக்கு மேல் கூடுதல் நீர். தனி எண்ணைப் பார்க்காமல் மாற்றத்தைப் பார்க்கப் பழகுவது முதல் படியின் உயிர்நாடி.

இன்னொன்று, அந்த டின் சூப்பும் பாதிச் சாப்பாடும். அவசரமாகப் படித்தால் சும்மா இடம் நிரப்ப எழுதியது போலத் தெரியும். டின் சூப்பில் உப்பு அதிகம், உப்பு நீரைப் பிடித்துவைக்கும். வயிறு நிறைந்த உணர்வு, கல்லீரலிலும் குடலிலும் இரத்தம் தேங்குவதால் வரலாம். அவசர அடையாளங்கள் என்று இவற்றைக் குறிக்க வேண்டாம், ஆனால் அடுத்த படிக்கு இவை வேண்டும்.

இரண்டாம் படி, சேர்த்துப் பார்ப்பது. மூச்சுத் திணறலுக்கு மூன்று காரணங்களை எடுத்துக்கொள்வோம்: இதயச் செயலிழப்பு முற்றியது, நிமோனியா, நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி அடைத்தது. நிமோனியா என்றால் பொதுவாகக் காய்ச்சலும் சளியும் எதிர்பார்ப்போம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலும் நிமோனியா இருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதனால் எடை கூடாது, இரண்டு காலும் வீங்காது. கட்டி அடைத்திருந்தால் திடீரென்று வந்திருக்கும். இங்கே மூன்று நாளாக மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. எடை, இரு பக்கக் கிராக்கிள்ஸ், இரு கால் வீக்கம், உப்புச் சாப்பாடு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இந்தப் படியில் கேள்வி பெரும்பாலும் கட்டம் போட்ட அட்டவணையாக வரும்: ஒவ்வொரு அடையாளமும் எந்த நோயோடு பொருந்தும் என்று குறிக்கச் சொல்வார்கள். ஒரே அடையாளம் இரண்டு நோய்க்கும் பொருந்தலாம். நாடி 104 மூன்றிலுமே வரும்.

மூன்றாம் படி, எது அவசரம். இவருக்கு விழும் அபாயம் உண்டு, மலச்சிக்கல் உண்டு, வலி உண்டு, நீர்த் தேக்கம் உண்டு. மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னும் இரண்டு அளவுகோல்கள் வேண்டும். இப்போது நடந்துகொண்டிருப்பது, பின்னால் நடக்கலாம் என்பதற்கு முந்தி. புதிதாக வந்தது, பழையதற்கு முந்தி. மூன்றாலும் அளந்தால் நுரையீரலில் தேங்கும் நீரும் அதனால் குறையும் ஆக்ஸிஜனும்தான் முதலில் நிற்கும்.

நான்காம் படி, என்ன செய்யலாம். இங்கே நல்ல யோசனைகளைப் பட்டியலிடுவதோடு, கெடுதல் செய்யும் யோசனைகளையும் இனம் காண வேண்டும். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்காரவைப்பது, நிலையாணை (டாக்டர் முன்கூட்டியே எழுதிவைத்த ஆணை) இருந்தால் மூக்குக் குழாய் வழியாக ஆக்ஸிஜன், தினமும் ஒரே நேரத்தில் எடை, உள்ளே போவதும் வெளியே வருவதும் எவ்வளவு என்ற கணக்கு, உப்பைக் குறைப்பது: இவை சரி. மலச்சிக்கலுக்காக "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது இன்னொருவருக்கு நல்ல அறிவுரை, இவருக்கு ஆபத்து. வீங்கிய காலை உயர்த்துவதற்காகச் சமமாகப் படுக்கவைப்பதும் அப்படியே. பாடப் புத்தகத்தில் சரியாக இருக்கும் ஒன்று இந்த நோயாளிக்குத் தவறாக இருக்கலாம். தேர்வு மிகவும் விரும்பிக் கேட்கும் இடம் இது.

ஐந்தாம் படி, செய்வது. முதலில் என்ன? பலர் டாக்டருக்கு ஃபோன் செய்வேன் என்பார்கள். தலைப்பக்கத்தை உயர்த்த ஒரு நொடி போதும், யாருடைய அனுமதியும் வேண்டாம், உடனே மூச்சு கொஞ்சம் லேசாகும். அதைச் செய்துவிட்டு, நிலையாணைப்படி ஆக்ஸிஜன் வைத்து, ஆர்என்னிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது "அம்மாவுக்கு மூச்சு வாங்குது, வந்து பாருங்க" என்றால் போதாது. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நீங்கள் பார்த்தது என்ன, என்ன வேண்டும் என்ற எஸ்பார் முறையில் சொல்லுங்கள்: இதயச் செயலிழப்பு உள்ளவர், மூன்று நாளில் 5 பவுண்டு கூடியிருக்கிறது, ஆக்ஸிஜன் 90, இரு பக்கமும் கிராக்கிள்ஸ், உட்காரவைத்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் கதை நகர்கிறது. ஆர்என் பார்க்கிறார், டாக்டர் ஃபுரோசிமைடை நரம்பு வழியாகக் கொடுக்க எழுதுகிறார். அதே நேரத்தில் இரத்தப் பரிசோதனை வருகிறது: பொட்டாசியம் 3.2. புதிய தகவல் வந்ததும் பழைய முடிவை மறுபடி யோசிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் கதையைப் பகுதி பகுதியாகத் திறக்கிறார்கள். ஃபுரோசிமைடு நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூச்சுக்கு அந்த மருந்து இப்போது தேவை, ஆகவே அதைக் கைவிட முடியாது. அந்த எண்ணை மருந்து போவதற்கு முன்பே மேலே சொல்லிவிட வேண்டும், பொட்டாசியத்தை ஈடுகட்ட ஆணை வாங்க வேண்டும். மெல்லக் கரையும் பொட்டாசியம் மாத்திரை எழுதினால் அதை நசுக்கிக் கொடுக்கக் கூடாது, உணவோடு கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி, பலன். இரண்டு மணி நேரம் கழித்து: சுவாசம் 20, ஆக்ஸிஜன் 95, சிறுநீர் 900 மில்லி, கிராக்கிள்ஸ் குறைந்திருக்கிறது, கணுக்கால் வீக்கம் அப்படியே, கால் தசை பிடித்து இழுக்கிறது என்கிறார். எது முன்னேற்றம், எது மாறவில்லை, எது மோசம்? வீக்கம் இரண்டு மணி நேரத்தில் வடியாது, ஆகவே அது மாறவில்லை, சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை. தசை பிடிப்பு பொட்டாசியக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். மூச்சு சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆறாம் படியிலிருந்து நேராக முதல் படிக்குப் போகிறோம், அங்கே இன்னொரு அடையாளம் காத்திருக்கிறது.

எல்லையை அறிவதும் ஜட்ஜ்மென்ட்தான்

பிஎன் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆர்என் புத்தகத்தையோ ஆர்என் கேள்வி வங்கியையோ பயன்படுத்தினால் ஒரு சிக்கல் வரும். யோசனை சரியாக இருந்தும் பதில் தவறிவிடும், ஏனென்றால் அந்த வேலை எல்பிஎன்னுடையது அல்ல.

பொதுவாக, நோயாளி வந்ததும் செய்யும் முதல் முழு மதிப்பீடு ஆர்என்னுடையது. பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதும், புதிதாக ஒன்றை முதன்முறை கற்றுக்கொடுப்பதும் ஆர்என் வேலை. எல்பிஎன் தகவல் சேகரிப்பார், திட்டத்துக்குத் தன் பங்கைக் கொடுப்பார், ஆர்என் கற்றுக்கொடுத்ததை நோயாளிக்கு மீண்டும் நினைவூட்டி உறுதிப்படுத்துவார். நிலை சீராக இருக்கும், அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க முடிந்த நோயாளிகளை எல்பிஎன் பார்ப்பார். நிலை திடீரென்று மாறினால் ஆர்என் வர வேண்டும். நரம்பு வழி மருந்து கொடுப்பது போன்ற சில வேலைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நர்சிங் சட்டம் உண்டு. தேர்வுத் திட்டத்திலேயே இந்த வேறுபாடு தெரியும்: ஆர்என் தேர்வில் "பராமரிப்பை நிர்வகித்தல்" என்று இருக்கும் பகுதி, பிஎன் தேர்வில் "ஒருங்கிணைந்த பராமரிப்பு" என்று இருக்கும். அந்த 2023 திட்டத்தில் பிஎன் தேர்வின் மிகப் பெரிய பகுதியும் இதுதான், 18 முதல் 24 சதவீதம்.

இதை எல்பிஎன்னின் குறையாக யாரும் நினைக்க வேண்டாம். பராமரிப்பு இல்லத்தில் அந்தப் பெண்மணியைத் தினமும் பார்ப்பவர் எல்பிஎன் தான். 138 நேற்று 141 ஆனதும், ஒரு தலையணை இரண்டாகி, படுக்கை நாற்காலியானதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். அவர் கண்டுகொள்ளாவிட்டால் ஆர்என்னுக்கும் டாக்டருக்கும் செய்தியே போகாது.

சரி, நிலை மாறினால் தெரிவி என்றால், எல்லாக் கேள்விக்கும் "ஆர்என்னிடம் சொல்" என்பது பதிலா? இல்லை. நீங்களே உடனே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய ஒன்று இருந்தால் அது முதலில். உட்காரவைக்க ஒருவரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மேலும் தகவல் இல்லாமல் சொல்லவும் கூடாது. தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் பிபியும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத்தான் ஃபோன். ஆனால் கையில் இருக்கும் தகவலே ஆபத்து என்று சொல்லிவிட்டால் இன்னும் தகவல் தேடிக்கொண்டிருக்கவும் கூடாது. இந்த மூன்றில் எது இப்போது என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

கேள்வி வகைகளும் மதிப்பெண்ணும்

நோயாளிக் கதைகள் தவிரத் தனியாக வரும் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று "போ-டை". நடுவில் நோயாளிக்கு என்ன பிரச்சினை என்று ஒன்று, இடது பக்கம் செய்ய வேண்டியவை இரண்டு, வலது பக்கம் கண்காணிக்க வேண்டியவை இரண்டு. நடுவில் இருப்பதை முதலில் தீர்மானியுங்கள், அது தவறினால் இரண்டு பக்கமும் சாயும். இன்னொன்று "டிரெண்ட்": பல மணி நேர அளவுகளைக் காட்டி, எங்கே மாறுகிறது என்று கேட்பது. மேலே எடையில் பார்த்ததுதான்.

மதிப்பெண் முறை தெரிந்தால் யூகத்தை அளந்து செய்யலாம். "பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கவும்" வகையில் சரிக்கு ஒரு மதிப்பெண் ஏறும், தவறுக்கு ஒன்று இறங்கும்; பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் குறிப்பது நட்டம். "மூன்றைத் தேர்ந்தெடுக்கவும்" என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் தவறுக்குக் கழிவு இல்லை, மூன்றையும் குறித்துவிடுங்கள். "இந்த நிலை, இந்தக் காரணத்தால்" என்று இரண்டு பாதிகளை இணைக்கும் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி சரியாக இருந்தாலும் மதிப்பெண் தரும் முறை 2023 மாற்றத்தோடு வந்தது, இது தேர்வெழுதுபவர்களுக்கு நல்ல செய்தி.

எப்படிப் பழகுவது

ஒரு நாளைக்கு 100, 150 கேள்வி என்று கணக்கு வைத்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தவறிய கேள்வியின் விளக்கத்தை ஒரு கண் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால், அதே தவறு வேறு உடை போட்டுக்கொண்டு மறுபடி வரும். நாளுக்கு ஒரு முழு நோயாளிக் கதையும் கொஞ்சம் தனிக் கேள்விகளும் போதும். கதையை மெதுவாகச் செய்யுங்கள்.

மெதுவாக என்றால் இப்படி. குறிப்பைப் படித்துவிட்டு விடைகளைப் பார்க்காதீர்கள், கையால் மறைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் கவலைப்பட வேண்டியவை என்ன, ஏன் என்று எழுதுங்கள். என்னவாக இருக்கலாம் என்று குறைந்தது இரண்டாவது எழுதுங்கள். ஒன்றே ஒன்று மனதில் வந்தால் அதையே பிடித்துக்கொண்டு மற்ற அடையாளங்களை அதற்கு வளைத்துவிடுவோம். அப்புறம் விடைகளைத் திறந்து உங்கள் யோசனையோடு ஒப்பிடுங்கள். முதலில் விடைகளைப் பார்த்துவிட்டால் நான்கும் நல்லதாகவே தெரியும், அப்படித்தான் அவற்றை எழுதியிருப்பார்கள்.

தவறுகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். கேள்வியை நகலெடுக்க வேண்டாம், தவறு எந்தப் படியில் நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும். பாடமே தெரியவில்லையா, குறிப்பில் இருந்ததைப் பார்க்கவில்லையா, பார்த்தும் சேர்க்கவில்லையா, எல்லாம் சரியாக யோசித்து வரிசையில் தவறியதா, எல்லை தாண்டியதா? இரண்டு வாரம் எழுதினால் ஒரு வடிவம் தெரிந்துவிடும். பாடம் தெரியாததுதான் காரணம் என்றால் புத்தகத்துக்குத் திரும்புங்கள். பார்க்கத் தவறுவதுதான் காரணம் என்றால் இன்னும் எத்தனை புத்தகம் படித்தாலும் மதிப்பெண் ஏறாது, படிக்கும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தங்கள் சிக்கல் முதல் வகை என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பாடத்தையே படிக்கிறார்கள். நோட்டில் வேறு கதை இருக்கும்.

கிளினிக்கல் பணி நடந்துகொண்டிருந்தால் அதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகும் முன், இன்று இவருக்கு என்ன கெடுதல் நடக்கலாம், நடந்தால் எதில் முதலில் தெரியும் என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் இருப்பவர் என்றால் இரத்தக் கசிவு, கால் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி, நுரையீரல் சுருக்கம். ஷிப்ட் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியது நடக்காமல் எழுதாதது நடந்திருந்தால் அதுதான் அன்றைய பாடம்.

ஒருவரோடு சேர்ந்து படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?" என்று கேட்பது, மற்ற மூன்றும் ஏன் இல்லை என்றும் கேட்பது. தமிழிலேயே பேசுங்கள், தவறில்லை. யோசனை தெளிந்துவிட்டால் ஆங்கிலக் கேள்வி பெரிய தடையாக இருக்காது. ஆனால் குறிப்புகளை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, கதைகளின் நர்ஸ் குறிப்புகள் நீளமானவை.

கடைசி இரண்டு வாரத்தில் நேரம் வைத்துச் செய்யத் தொடங்குங்கள். 5 மணி நேரத்தை 150 கேள்விக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2 நிமிடம். தனிக் கேள்விகள் பலவற்றுக்கு அவ்வளவு தேவைப்படாது, மிச்சமாவதைக் கதைகளுக்கு ஒதுக்குங்கள். 2 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு இடைவேளையும், மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு இன்னொன்றும் தருவார்கள். எடுக்காமலும் இருக்கலாம், கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் முதல் இடைவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். சோர்ந்த கண் 138 என்று எழுதியிருந்ததைப் படிக்கும், மூன்று நாளில் அது 143 ஆனதைத் தவறவிடும்.